டெல்டாவிலிருந்து கிளினிக்கல் சைக்காலஜி படிக்கப் போகிறவர்களுக்கு: சான்றிதழ், பணம், காலக்கெடு, கோயில் வாசல்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருந்துகொண்டு "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும், என்ன படிக்கணும்?" என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நீட்டுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் தெருவுக்கு ஒரு கோச்சிங் சென்டர் உண்டு. இதற்கு ஒன்றும் கிடையாது. எனக்கு வந்த யோசனைகளில் பாதி காலாவதியானவை, மீதி யாரோ சொன்னதை யாரோ சொன்னவை. படிப்பு முடிந்த சூட்டோடு, அலைந்து தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

கோயில், தர்கா, மாதா கோயில், குலதெய்வம், குறி கேட்பது, பேய் ஓட்டுவது இதெல்லாம் நம் ஊர் மனநலத்தோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்ற ஆர்வத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். அந்த ஆர்வத்துக்குப் பிற்பகுதியில் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன். முதலில் காகிதம்.

1. எந்தப் பட்டம் செல்லும் என்று பாருங்கள்

இந்தியாவில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள எம்.எஸ்சி. மட்டும் போதாது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை, அது அங்கீகரித்த நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது.

பல காலமாக வழி இதுதான்: சைக்காலஜியில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி., அதன்மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. இப்போது பாதை மாறுகிறது. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை விலக்கு கொடுத்தது. அதற்குப் பிறகு சேர்கிறவர்கள் ஆர்.சி.ஐ. வகுத்திருக்கும் எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. (Psy.D., சைக்காலஜியில் முனைவர் பட்டம்) ஆகிய படிப்புகள் பக்கம்தான் பார்க்க வேண்டும். சீனியர்கள் "எம்.ஃபில். போடு" என்று சொன்னால், அவர்கள் சேர்ந்த ஆண்டு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

பெயரில் 'கிளினிக்கல்' இருப்பதாலேயே ஒரு படிப்பு ஆர்.சி.ஐ. படிப்பு ஆகிவிடாது. 'எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி' என்று விளம்பரம் செய்யும் கல்லூரிகள் பல, ஆர்.சி.ஐ. பட்டியலிலேயே இல்லை. படித்து முடித்தால் பட்டம் கிடைக்கும், பதிவு எண் கிடைக்காது.

தபால்வழிப் படிப்பு அடுத்தது. டெல்டாவில் கல்யாணம் ஆன பெண்களும் வேலையில் இருப்பவர்களும் தபால்வழியில் சைக்காலஜி முடிப்பது வெகு சகஜமாக இருந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலை வழியிலும் ஆன்லைன் வழியிலும் சைக்காலஜிக்குச் சேர்க்கை கூடாது என்று யூ.ஜி.சி. சொல்லிவிட்டது. "சீட் இருக்கு, இன்னைக்கே கட்டுங்க" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: அங்கீகாரம் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான். ஒரு கல்லூரிக்குப் போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம். நான் விசாரித்த ஓரிடத்தில், "அப்ரூவல் ப்ராசஸ்ல இருக்கு, நீங்க ஃபீஸ் கட்டிடுங்க" என்றார்கள். கடிதத்தைக் காட்டுங்கள் என்றதும் பேச்சு மாறியது. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரும் கல்வியாண்டும் படிப்பின் பெயரும் சீட் எண்ணிக்கையும் அதில் இருக்கின்றனவா பாருங்கள். அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதுகலையை எங்கே படிப்பது

திருவாரூர் நீலக்குடியில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் அப்ளைடு சைக்காலஜித் துறை இருக்கிறது. சேர்க்கை, முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் பி.ஜி. வழியாக. வீட்டுக்குப் பக்கம், கட்டணமும் கட்டுப்படியாகும். ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எட்டும் தூரம்தான்.

எம்.ஃபில். சேர்க்கைக்கு முதுகலையில் 55 சதவீதம் கேட்டார்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50. ஆகவே முதல் செமஸ்டரிலிருந்தே மதிப்பெண்ணைப் பிடித்து வையுங்கள். கடைசி செமஸ்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

3. சான்றிதழ்கள்: இங்கேதான் நேரம் போகும்

பொங்கலுக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். பட்டியல் பெரிதல்ல: பத்து, பன்னிரண்டு மார்க்ஷீட், இளங்கலை முதுகலை கன்சாலிடேட்டட் மார்க்ஷீட், ப்ரொவிஷனல், டிகிரி, டி.சி., மைக்ரேஷன், சாதிச் சான்று, ஆதார், போட்டோ. சிக்கல் எல்லாம் இவற்றுக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததில்தான்.

பெயர்: நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் ஒற்றை எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, டிகிரியில் இனிஷியல் பின்னால். தமிழ்நாட்டுக்குள் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மத்திய நிறுவனங்களின் ஆன்லைன் படிவம் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் போடுங்கள். ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்வது சுலபம். மார்க்ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு.

சாதிச் சான்று: நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்று மத்திய நிறுவனங்களில் செல்லாது. அவர்கள் கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயரில்', அதாவது ஓ.பி.சி.க்குள் வசதியான பிரிவில், இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாருக்குப் போகும். மையத்தில் சேவைக் கட்டணம் 60 ரூபாய். அந்தந்த நிதியாண்டில் வாங்கியதைத்தான் பல இடங்களில் கேட்பார்கள். அதனால் பிப்ரவரியில் வாங்கி வைத்தால் ஜூலையில் உதவாமல் போகலாம். அறிவிப்பில் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாதவை சில உண்டு.

நிலம் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி. கிரீமி லேயருக்கான 8 லட்சம் வரம்பில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு "வராதுப்பா" என்று திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. விதியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுங்கள். அதே சமயம் பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியின் நிலையும் நிலத்தின் பரப்பும் தனித்தனியாகப் பார்க்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மைக்ரேஷன் சான்றைக் கல்லூரி தராது, பல்கலைக்கழகம்தான் தரும். டி.சி.யை எந்தக் கல்லூரியிலும் கொடுத்துவிடும் முன் நான்கு ஜெராக்ஸ், ஒரு ஸ்கேன். எதையும் லேமினேட் செய்யாதீர்கள்.

4. பணமும் பருவமும் ஒத்துவராது

நுழைவு அறிவிப்புகள் பெரும்பாலும் ஆண்டின் முதல் நான்கைந்து மாதங்களில் வரும். கட்டணம் கட்ட வேண்டியது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. டெல்டாக் குடும்பத்தில் அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது. மேட்டூர் திறந்து குறுவைக்கு உழவும் விதையும் உரமும் வாங்குகிற நேரம் அது. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு மாசியில் வரும் பணத்திலேயே கட்டணத்துக்கான பங்கைத் தனியே எடுத்து வைக்கும்படி வீட்டில் பேசிவிடுங்கள். ஆனியில் போய்க் கேட்டால் நகை அடகுதான்.

அரசு நிறுவனங்களுக்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தனியாரில் லட்சக்கணக்கில் போகும். சில அரசு நிறுவனங்களில் பயிற்சிக்காலத்தில் உதவித்தொகையும் உண்டு. முழுநேரப் படிப்பு என்பதால் பக்கத்தில் வேலை பார்க்க முடியாது. ஆஸ்பத்திரி வார்டு, ஓ.பி., கேஸ் ரெக்கார்டு என்று ராத்திரி வரை இழுக்கும். விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, ஆய்வேட்டு அச்சுச் செலவு எல்லாம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். வங்கிகளின் பொதுவான மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை பெற்றோரின் கூட்டுப் பொறுப்பு போதும், 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. கிளை மேலாளர் நிலப் பத்திரம் கேட்டால் இந்தத் தொகைகளைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார், கடன் நகரும்.

5. எங்கெங்கே விண்ணப்பிப்பது

பெங்களூருவில் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல மருத்துவக் கழகம், சென்னை முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். இவை எல்லோரும் சொல்லும் பெயர்கள். உங்கள் ஆண்டுப் பட்டியலில் எது எந்தப் படிப்போடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஒன்றுக்கு மேல் விண்ணப்பியுங்கள். சீட் எங்கும் குறைவு.

இடம் தேர்ந்தெடுக்கும்போது மொழியை யோசியுங்கள். இந்த வேலையில் கருவியே பேச்சுதான். ராஞ்சியில் நோயாளி இந்தியில் அழுவார். நிம்ஹான்ஸில் கன்னடம் தவிர்க்க முடியாது என்றாலும் தமிழ் பேசும் நோயாளிகளும் நிறைய வருகிறார்கள். நம்பிக்கை, சடங்கு பற்றி வேலை செய்ய விரும்புகிறவர்கள் தமிழ் நோயாளிகள் கிடைக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பெங்களூருத் தேர்வுக்குத் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம். தேர்வுத் தேதி தெரிந்த அன்றே டிக்கெட் போடுங்கள்.

6. தேர்வும் நேர்காணலும்

தேர்வுக்கு அப்நார்மல் சைக்காலஜி, மூளை-நரம்பு அடிப்படை, புள்ளியியல், ஆய்வு முறை, சோதனைகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி., அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். ஆகிய இரண்டு நோய் வகைப்பாட்டுக் கையேடுகளின் வரையறைகளும் விரல் நுனியில் இருக்க வேண்டும். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள், மார்க் அங்கேதான் கிடக்கிறது.

நேர்காணலில் உங்கள் ஆர்வம் பற்றி நிச்சயம் கேட்பார்கள். "கிராமத்து மூடநம்பிக்கையை ஒழிக்கணும்" என்று வீராவேசமாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். "சாமியே எல்லாத்தையும் குணமாக்கும், அறிவியல் இப்பத்தான் அதைக் கண்டுபிடிக்குது" என்றாலும் அதே கதிதான். கோயிலுக்கு வரும் ஒரு குடும்பம் எதற்காக வருகிறது, அங்கே அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமல் போகிறது என்று பார்த்ததைச் சொல்லுங்கள். பார்த்திருந்தால்தான் சொல்ல முடியும்.

2002இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் சகாக்களும், தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய கடுமையான மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லாமலே நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உடனே, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் சொல்கிறவருக்குத்தான் மதிப்பு.

7. நம்பிக்கை பற்றி வேலை செய்வது: பயிற்சியிலும் ஆய்வேட்டிலும்

முக்கொம்புக்குக் கொஞ்சம் மேலே, காவிரியின் வடகரையில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனநிலை சரியில்லாதவர்களை அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. உச்சிகால பூஜை முடிந்ததும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். சிலர் திடுக்கிட்டு நிமிர்வார்கள். சிலர் துடைக்கக்கூட மாட்டார்கள், மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருக்கும் அம்மா முந்தானையால் ஒற்றிவிடுவாள். கோயிலோடு சேர்ந்த மனநல மறுவாழ்வு மையம் அரசு உரிமத்தோடு நடக்கிறது, மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் மாத்திரையும் ஒரே வளாகத்தில் இருப்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்கும் நாகூர் தர்காவுக்கும் இதே வேண்டுதலோடு வருகிறார்கள். எந்த மதத்துக்காரர் எங்கே போகிறார் என்று நீங்களாக முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். நாகூரில் நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருப்பவர்கள் அநேகம்.

போய்ப் பார்ப்பதற்கு யாருடைய கடிதமும் தேவையில்லை, பக்தர்போலப் போகலாம். கேள்வி கேட்டு எழுதிக்கொள்வதென்றால் கதை வேறு. வரிசை இதுதான்: முதலில் வழிகாட்டியின் ஒப்புதல், பிறகு உங்கள் நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி, அதன் நகலோடு வழிபாட்டுத் தலத்தின் அனுமதி. அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர், தர்கா என்றால் அதன் நிர்வாகம், வேளாங்கண்ணி என்றால் பேராலய அதிபர். வாய்மொழியாக "பார்த்துக்கங்க" என்பதை நம்பி இறங்காதீர்கள், அலுவலர் மாறினால் போச்சு. எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பேச்சுக்குப் பக்கத்தில் வரும்படி எழுதுங்கள். அரசாணைத் தமிழில் எழுதினால் கையெழுத்து வரும், புரிந்திருக்காது. போட்டோ வேண்டவே வேண்டாம்.

காலம்: எத்திக்ஸ் கமிட்டிக்கு மாதங்கள் பிடிக்கும். முதலாண்டு முடியும் முன்பே தலைப்பைக் கொடுத்துவிடுங்கள். தகவல் திரட்டத் தை முதல் ஆனி வரை வசதி. ஆடியில் அம்மன் கோயில்களில் கூட்டம், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, புரட்டாசியில் பெருமாள் கோயில்கள் நிரம்பும், ஐப்பசி கார்த்திகையில் மழை. நாகூர் கந்தூரி ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும். திருவிழா நேரத்தில் நெரிசலைத்தான் எழுத முடியும், நேர்காணல் நடக்காது.

எதை வைத்துக் கேட்பது? டி.எஸ்.எம்.-5 கையேட்டில் பண்பாட்டு நேர்காணலுக்கென்று 16 கேள்விகள் இருக்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் அப்படியே தமிழாக்கி வாசித்தால் எதிரில் இருப்பவர் ரேஷன் கார்டு விசாரணை என்று நினைப்பார். "உங்க வீட்ல இதை என்னன்னு சொல்றாங்க? மொதல்ல யாருகிட்ட காட்டுனீங்க?" என்று தொடங்குங்கள். காத்துக் கருப்பு, செய்வினை, குலதெய்வக் குறை, வரம்புக்காரன் தகராறு, பொண்ணுக்கு நடக்காத கல்யாணம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்கே வரும்.

சாமி ஆடுவதை நோய் என்று எழுதிவிடாதீர்கள். ஐ.சி.டி.-11இல் ஆவேசநிலைக் கோளாறுக்கு வரையறையே, அது தன் விருப்பமின்றி வருவதாகவும் துன்பமோ முடக்கமோ தருவதாகவும் இருக்க வேண்டும், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக இருக்கக்கூடாது என்பதுதான். அய்யனார் கோயில் படையலில் அரைமணி நேரம் ஆடிவிட்டு, மறுநாள் நடவுக்குப் போகும் பெரியவருக்கு நோயில்லை. மாமியார் வீட்டில் வாரத்துக்கு நாலு முறை பேச்சு மாறி மயங்கி விழும் மருமகளை உட்கார வைத்துத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஆபத்தான இடங்களும் உண்டு. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மருந்தைச் சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தால் உடம்பில் நீர் வற்றி இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ரமலான் நோன்புக்கும் இதே எச்சரிக்கைதான். நாம் மருந்து எழுதுகிறவர்கள் அல்ல, நோன்புக்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வது நம் வேலை. "இங்க வந்துட்டா மாத்திரையை நிறுத்திடணும்" என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று எல்லாக் குடும்பத்திடமும் கேளுங்கள். யாரையாவது சங்கிலியில் கட்டியிருந்தால், 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் அதைத் தடை செய்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கட்டப்பட்ட நிலையில் 28 பேர் தீயில் இறந்தது இந்த மாநிலத்தில்தான். நீங்கள் தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். அன்றே வழிகாட்டியிடமும் மாவட்ட மனநலத் திட்டத்திடமும் சொல்லுங்கள். குடும்பத்துக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

8. வீட்டில் சொல்வது

"பொண்ணு பைத்தியக்கார டாக்டருக்குப் படிக்குதாம்" என்று கல்யாண வீட்டில் காதில் விழும். ஊசி போடுவீர்களா என்று சித்தப்பா கேட்பார். இரண்டு வருடம் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே சித்தப்பா பின்னால் தனியாகக் கூப்பிட்டுத் தூக்கம் வரவில்லை என்பார். உறவினருக்குச் சிகிச்சை செய்யக்கூடாது, பெயர் சொல்லி வேறொருவரிடம் அனுப்புங்கள்.

9. முடித்த பிறகு

ரிசல்ட் வந்ததும் ஆர்.சி.ஐ.யின் மத்தியப் பதிவேட்டில் ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயிலரங்குகளில் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். கலந்துகொண்ட சான்றுகளை முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போடுங்கள். மாநில மனநல ஆணையத்திலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிய 2017 சட்டத்தில் இடம் உண்டு. பதிவு எண் வருவதற்கு முன் பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ஊருக்கே திரும்பி வேலை பார்க்க நினைத்தால் மாவட்ட மனநலத் திட்டப் பணியிடங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படை, தொகுப்பூதியம். அறிவிப்பு மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் பெயரில் மாவட்ட இணையதளத்தில் வரும், நாளிதழில் கண்ணில் படாமலே போய்விடலாம். விண்ணப்பிக்கத் தரும் அவகாசம் குறைவு, பல நேரம் தபாலிலோ நேரிலோதான் கொடுக்கச் சொல்வார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி ஆகிய ஐந்து மாவட்டத் தளங்களையும் திங்கள்தோறும் ஒருமுறை திறந்து பாருங்கள். சான்றொப்பமிட்ட நகல்கள் ஒரு செட் எப்போதும் தயாராக இருக்கட்டும்.